சர்வர் கை வாளி

'சர்வர்' என்றதும் தமிழ்நாட்டில் இன்னும் பலருக்கு நினைவுக்கு வருகிறவர், தோளில் துண்டும் கையில் வாளியுமாக மேஜைக்கு மேஜை ஓடுகிற மனிதர்தான். 1964-இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் அந்த உருவத்தை நம் மனத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். இளைஞர்களைக் கேட்டால் வேறு விடை வரும். குளிரூட்டிய அறையில், விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, இரவு பகல் கண் மூடாமல் வேலை செய்கிற கம்ப்யூட்டர்தான் அவர்களுக்குச் சர்வர்.

பெயர் ஒற்றுமை தற்செயலானது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருவருக்கும் தொழில் ஒன்றுதான். கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நெடுநேரம் காக்க வைக்கக் கூடாது. ஒருவர் சொன்னதை மறந்துவிட்டு, 'நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே' என்று சொல்லவும் கூடாது. இந்த மூன்றில் இரண்டாவதைப் பற்றியே உலகம் கவலைப்படுகிறது. எனக்குக் கவலையெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் வைக்காதவன். எனக்கு எதற்கு இந்த யந்திர விசாரம் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் காணாமற் போயிற்று. அதை முன்னிட்டுச் சில வாரங்கள் இதைப் பற்றியே படித்தும் விசாரித்தும் திரிந்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் கேள்வியைத் தெளிவாக வைத்துக்கொள்வது உசிதம்.

கம்ப்யூட்டருக்குள் பொருள்களை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று நினைவகம். கையெட்டும் தூரத்தில் இருப்பது. ஆனால் மின்சாரம் நின்றால் அதில் உள்ளதெல்லாம் மறைந்துவிடும். மற்றொன்று வட்டு. எடுக்கத் தாமதமாகும், ஆனால் மின்சாரம் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். 'நினைவகத்தில் ஒரு பகுதியை வேலி போட்டுப் பிரித்து, அதையே வட்டு என்று பாவித்துக்கொண்டால் என்ன? சர்வர் சிட்டாகப் பறக்காதா?' என்பதுதான் கேள்வி. நினைவக வட்டு, ராம் டிஸ்க் என்றெல்லாம் இதற்குப் பெயர்.

கேட்டவுடன் 'பறக்கும்' என்றுதான் சொல்லத் தோன்றும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு துணுக்கை எடுக்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிளந்தால் கிடைக்கும் துண்டு ஒரு நானோ வினாடி. வட்டின் சங்கதி வேறு. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் சாதாரண வட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8.3 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் அதன் கீழே வந்து சேருவதற்குள் பன்னிரண்டு மில்லி வினாடி போல ஆகிவிடும். சுழலாத புதுவகைச் சில்லு வட்டு இதைவிட எவ்வளவோ மேல். அது 100 மைக்ரோ வினாடியிலோ அதற்குள்ளாகவோ கொடுத்துவிடும்.

இந்தச் சிறு எண்கள் நம் புத்திக்கு எட்டுவதில்லை. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நினைவகத்திலிருந்து எடுக்க ஒரு வினாடி ஆகிறது என்றால், சில்லு வட்டிலிருந்து எடுக்கக் கால் மணிக்குச் சற்று மேலே ஆகும். சுழல் வட்டிலிருந்து எடுக்க ஒரு பகல், ஓர் இரவு, அதற்கு மேலும் ஒன்பது மணி நேரம். காப்பி கேட்டவருக்கு மறுநாள் சாயங்காலம் காப்பி வந்த கதைதான்!

இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது விவாதம் எதற்கு? இருக்கிறது. அதற்கு ஹோட்டலுக்குள் போக வேண்டும்.

கூட்டம் அலைமோதும் ஹோட்டல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சமையற்கட்டு பின்னால், தூரத்தில். கெட்டிக்காரச் சர்வர் என்ன செய்கிறார்? ஒவ்வொரு கரண்டி சாம்பாருக்கும் சமையற்கட்டுக்கு ஓடுவதில்லை. வாளி நிறையச் சாம்பாரை எடுத்துக்கொண்டு கூடத்திலேயே நடமாடுகிறார். யாரும் அவருக்கு உத்தரவிடவில்லை. எது அடிக்கடி கேட்கப்படுகிறது என்பது அவருக்கே தெரியும். பத்து மணிக்கு மேல் சாம்பார் கேட்பார் குறைந்து மோர் கேட்பார் கூடினால், அவரே வாளியை மாற்றிக்கொள்வார்.

இன்றைய கம்ப்யூட்டர்களை ஆளும் இயக்க முறைமை இந்தக் கெட்டிக்காரச் சர்வர்தான். லினக்ஸ் ஓடும் சர்வரில் ஒரு கோப்பை முதல் தடவை படிக்கும்போதுதான் வட்டுக்குப் போகிறது. படித்ததைக் காலியாகக் கிடக்கும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை யார் கேட்டாலும் வாளியிலிருந்தே ஊற்றிவிடுகிறது. இடம் போதாமற் போனால், நெடுநாளாக யாரும் கேட்காததைக் கீழே வைத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்கிறது. எழுதும்போதும் இப்படித்தான். 'உடனே வட்டில் எழுது' என்று வற்புறுத்தினாலொழிய, வந்ததை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வழக்கமாக அரை நிமிஷம் போலக் கழித்து நிதானமாக வட்டில் சேர்க்கிறது. நாம் நினைவக வட்டு அமைத்துச் செய்ய நினைக்கும் காரியத்தை, நம்மைக் கேளாமலே அது செய்துகொண்டிருக்கிறது.

இந்த நிலையில் முதலாளி ஒருவர் கூடத்துக்குள் வந்து, 'இனிமேல் பத்து மேஜைகளை எடுத்துவிட்டு அங்கே இட்லியைக் குவித்து வையுங்கள். இட்லி உடனே கிடைக்கும்' என்கிறார். இட்லி உடனே கிடைக்கும் என்பது வாஸ்தவம். முன்னாலும் உடனேதான் கிடைத்தது. ஆனால் பத்து மேஜைக்காரர்கள் இப்போது வாசலில் நிற்கிறார்கள். இட்லி கேட்பார் இல்லாத வேளையிலும் அந்த இடம் இட்லிக்கே. நினைவக வட்டுக்கு இடத்தைப் பிரித்துக் கொடுத்தால் நேருவது இதுதான். மற்றப் பொருள்களுக்கு வாளி சிறுத்துப்போகிறது. முன்பு கையில் இருந்தவற்றுக்கு மறுபடியும் சமையற்கட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இடநெருக்கடி மிஞ்சினால், நினைவகத்தில் இருப்பதையே தூக்கி வட்டில் இறக்கி வைக்கும் நிலை வரும். வட்டைத் தவிர்க்கப் போய் வட்டிலேயே விழுந்த கதை!

அப்படியானால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? அதற்கும் நியாயமான சரித்திரம் உண்டு. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற யந்திரத்தோடு முதல் வட்டுச் சேமிப்புச் சாதனத்தை வெளியிட்டது. இருபத்து நாலு அங்குல அகலத்தில் ஐம்பது தட்டுகள். ஐம்பது லட்சம் எழுத்துகள் கொள்ளும். ஒன்றைத் தேடி எடுக்க அரை வினாடிக்கு மேல் ஆகும். பிறகு மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, நெகிழ்வட்டைச் செருகி, அது கரகரவென்று சுழன்று முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து 'டாஸ்' இயக்க முறைமை, படித்ததைத் தானாக நினைவகத்தில் வைத்துக்கொள்வதில் அவ்வளவு சமர்த்தில்லை. ஆகவே 1984-இல் ஐ.பி.எம். தன் டாஸ் 3.0-உடன் நினைவக வட்டுக்கென்றே ஒரு சிறு நிரலைச் சேர்த்துக் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய வரப்பிரசாதம். சர்வர் கையில் வாளி இல்லாத ஹோட்டலில் மேஜைமேல் ஒரு பாத்திரம் சாம்பார் வைத்தால் கொண்டாட்டமாகத்தானே இருக்கும்? அந்தக் கொண்டாட்டத்தின் ஞாபகம், வாளி வந்த பிறகும் போகவில்லை.

இனிக் காணாமற் போன விண்ணப்பத்தின் கதை.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்துக் கொடுக்கிறது ஒரு குடும்பம். அவர்கள் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள். பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். இப்போதெல்லாம் கைபேசியிலேயே போட்டுவிடலாம் அல்லவா? கடைசி நாளுக்கு முந்தின இரவு எட்டரை மணி இருக்கும். கட்டணத்தைச் செலுத்தி, பொத்தானை அழுத்தியதும், 'தங்கள் விண்ணப்பம் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று திரையில் வந்தது. கீழே ஒரு எண். அதை நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண்காரர்கள் பெயர்கள் இருந்தன. தாயும் மகளும் என்னிடம் வந்தார்கள். "சார், நாங்க போய்க் கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை கூட வந்து சொன்னா..." என்றாள் தாய். போனேன். அலுவலகத்தில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். "இந்த எண் ஒரு பையனுடையது. இந்தப் பெண் பெயரில் விண்ணப்பமே வரவில்லை" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. திரையில் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் எழுதியதையே சந்தேகிக்கிறாள் என்று தெரிந்தது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலுக்கு வருகிறவர்களுக்கு இது சகஜம். யந்திரம் ஒன்றும் தான் ஒன்றுமாகச் சொல்லும்போது, 'நாம்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்போம்' என்று முதலில் தலை குனிந்துவிடுவார்கள்.

என் அக்கா மகன் சர்வர்களைப் பராமரிக்கும் தொழிலில் இருப்பவன். அவனிடம் சொன்னேன். அந்தக் கல்லூரிக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்த நிறுவனத்தில் அவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களே அவனை வந்து பார்க்கச் சொன்னார்கள். இரண்டு நாளில் விவரம் தெரிந்துவிட்டது.

விண்ணப்பத் தளம் மாலை வேளைகளில் நத்தையாக ஊர்ந்திருக்கிறது. கல்லூரியிலிருந்து புகார் மேல் புகார். 'வட்டு பழையது, அதனால்தான் தாமதம்' என்று தீர்மானித்த யாரோ ஒருவர், தகவல்தளம் முழுவதையும் நினைவக வட்டுக்கு மாற்றிவிட்டார். மணிக்கு ஒரு முறை அதைப் பிரதி எடுத்து உண்மையான வட்டில் வைக்க ஏற்பாடும் செய்திருந்தார். அன்று இரவு எட்டு மணிக்குப் பிரதி எடுத்தாயிற்று. ஒன்பது மணிக்குச் சற்று முன் மின்சாரம் ஒரு கணம் நின்றது. கைகொடுக்க வேண்டிய பேட்டரி எப்போதோ ஆயுள் முடிந்திருந்தது. சர்வர் அணைந்து, தானே விழித்து, எட்டு மணிப் பிரதியை எடுத்து விரித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடர்ந்தது. எட்டுக்கு மேல் வந்தவர்கள் எல்லோரும் அதன் உலகத்தில் பிறக்கவே இல்லை. அவர்களுக்குக் கொடுத்த எண்களை, அடுத்து வந்தவர்களுக்கு மறுபடியும் கொடுத்தது. அந்தப் பெண்ணின் எண் பையனுக்குப் போனது இப்படித்தான்.

"பிழைச் செய்தி ஒன்றுமே பதிவாகவில்லையா?" என்று கேட்டேன்.

"எப்படி மாமா பதிவாகும்? அதுக்குத்தான் மறந்துபோனதே மறந்துபோச்சே!" என்றான்.

இதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. இவ்வளவு செய்தும் தளம் வேகமாக ஓடவில்லையாம். விண்ணப்பம் பதிவாகும் அந்த ஒரு கணம் சற்றுச் சுருங்கியிருக்கிறது. மற்றபடி மாலை நேர ஊர்தல் அப்படியே. அக்கா மகன் அளந்து பார்த்தான். சர்வர் வட்டுக்காகக் காத்திருந்த நேரம் மிகச் சொற்பம். ஒவ்வொரு மாணவர் உள்ளே வரும்போதும், அவர் பெயரைக் கண்டுபிடிக்கப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தது நிரல். அகராதியில் ஒரு சொல்லைத் தேட முதற்பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருவது போல! அகராதியை அலமாரியில் வைத்தாலென்ன, மடியில் வைத்தாலென்ன? அகரவரிசை வேண்டும். அவன் அந்த வரிசையை, அதாவது ஒரு சுட்டெண் அட்டவணையை, அமைத்துக் கொடுத்தான். தகவல்தளத்தைப் பழைய வட்டுக்கே திருப்பினான். தளம் ஓட ஆரம்பித்தது.

1967-இல் ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் எடுத்துக்காட்டிய உண்மை ஒன்று உண்டு. ஒரு வேலையில் ஒரு பகுதியை எவ்வளவு வேகப்படுத்தினாலும், மொத்தத்தில் கிடைக்கும் லாபம் அந்தப் பகுதி முன்பு எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் போகாது. நூறு நிமிஷ வேலையில் வட்டுக்காகக் காத்திருப்பது ஐந்து நிமிஷம் என்றால், வட்டை மாயமாக மறையச் செய்தாலும் தொண்ணூற்றைந்து நிமிஷம் பாக்கி. இதைப் புரிந்துகொள்ளக் கணிதம் வேண்டாம். கல்யாண வீட்டில் தாமதம் மாப்பிள்ளை ஊர்வலத்தில் என்றால், பந்தியில் சோறு போடும் ஆளை இரட்டித்து என்ன பயன்?

தகவல்தளம் ஏன் வட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய மளிகைக் கடைகளில் சிட்டை என்றும் பேரேடு என்றும் இரண்டு புத்தகங்கள் இருக்கும். கொடுக்கல் வாங்கல் நடந்த உடனே சிட்டையில் ஒரு வரி. ராத்திரி கடை கட்டிய பிறகு அதைப் பார்த்துப் பேரேட்டில் பெயர்வாரியாகப் பதிவு. சிட்டையில் எழுதாமல் எந்தக் கணக்குப்பிள்ளையும் 'வரவு வைத்தாயிற்று' என்று சொல்லமாட்டார். நல்ல தகவல்தளமும் அதே கணக்குப்பிள்ளைதான். வந்த மாற்றத்தை முதலில் ஒரு பதிவேட்டின் கடைசியில் வரிசையாக எழுதி, அது உண்மையாகவே வட்டில் ஏறிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் 'பெற்றுக்கொண்டேன்' என்கிறது. மற்ற விரிவான பதிவுகளைப் பிறகு சாவகாசமாகச் செய்கிறது. படிப்பதற்கு வேண்டியதையெல்லாம் தன் சொந்த வாளியில் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. ஆகவே வட்டுக்காக அது காத்திருப்பது அந்த ஒரு வரிக்குத்தான். பலர் சேர்ந்தாற்போல் வந்தால் பல வரிகளை ஒரே மூச்சில் எழுதிவிடும் சாமர்த்தியமும் அதற்கு உண்டு.

நினைவக வட்டில் அந்தப் பதிவேட்டை வைத்தால் என்ன ஆகும்? 'வட்டில் ஏறிவிட்டதா?' என்று கணக்குப்பிள்ளை கேட்கிறார். 'ஏறிவிட்டது' என்று பதில் வருகிறது. ஏறியது தண்ணீர்மேல்! போஸ்ட்கிரெஸ் என்ற பெயர்பெற்ற தகவல்தளத்தின் கையேடு, அட்டவணைகளில் ஒரு பகுதியை நினைவக வட்டில் வைத்தாலும் முழுத் தளத்தின் நம்பகமும் கெடும் என்று எச்சரித்தே வைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், நினைவக வட்டு உதவாக்கரை என்பது என் அபிப்பிராயம் என்று கொள்ளக் கூடாது. போனால் போகட்டும் என்னும் பொருள்களுக்கு அது மிகச் சிறந்த இடம். படத்தை வெட்டிச் சிறிதாக்கும்போது இடையில் பிறக்கும் தற்காலிகக் கோப்புகள், நிரல்களைத் தொகுக்கும்போது குவியும் துண்டுகள், சோதனைக்கென்று அமைத்து நிமிஷத்தில் கலைக்கும் தகவல்தளங்கள் இவையெல்லாம் அங்கே இருக்கலாம். லினக்ஸே தன் அன்றாடச் சில்லறைக் கோப்புகளுக்கு அப்படி ஓர் இடத்தை வைத்திருக்கிறது. மறதியே குணமாகிற இடமும் உண்டு. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதே தொழிலாகக் கொண்ட ஸ்வீடன் நாட்டு முல்வாட் நிறுவனம், 2023-இல் தன் வி.பி.என். சர்வர்கள் அனைத்தையும் வட்டே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் ஓடும்படி மாற்றிவிட்டதாக அறிவித்தது. யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் மின்சாரம் அறுந்த கணத்தில் உள்ளே ஒன்றும் இராது. அங்கே மறப்பதுதான் வாக்கு, அதைக் காப்பாற்றுகிறார்கள்.

வேகமும் வேண்டும், மறக்கவும் கூடாது என்றால் அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். 2009-இல் வெளிவந்த ரெடிஸ் என்ற தகவல்தளம் எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது. ஆனால் வேண்டுமென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரும். ஒவ்வொரு வரிக்கும் உறுதி செய்வதா, வினாடிக்கு ஒரு முறையா என்பதை நாமே தீர்மானிக்கலாம். எவ்வளவு இழக்கத் தயார் என்று அது நம்மை நேராகக் கேட்கிறது. நினைவக வட்டு அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

ஆகவே வேகம் போதவில்லை என்று தோன்றினால், முதலில் அளந்து பார்க்க வேண்டும். யந்திரம் எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. காத்திருப்பது வட்டுக்காகத்தான் என்றால், இன்னும் கொஞ்சம் நினைவகம் வாங்கிப் போட்டு, அதை இயக்க முறைமையின் கையிலும் தகவல்தளத்தின் கையிலும் விட்டுவிடுவது நல்லது. சுழல் வட்டை எடுத்துவிட்டுச் சில்லு வட்டைப் பொருத்துவதும் நல்லது. இவற்றுக்கு அப்புறமே வேலி போடும் யோசனை. அதுவும் குப்பைக் கூடைக்குப் போகக் கூடிய பொருளுக்கு மட்டும்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் விசேஷம். அவள் கட்டணம் செலுத்திய வரி வங்கியின் கணக்கில் இருந்தது. தேதி, நேரம், தொகை, கல்லூரியின் பெயர் எல்லாம். கல்லூரிச் சர்வர் மறந்ததை வங்கியின் சிட்டை மறக்கவில்லை. அதைக் காட்டியதும் முதல்வர் மறுபேச்சில்லாமல் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார். வங்கிக் கணக்கையும் விண்ணப்பப் பட்டியலையும் ஒப்பிட்டு, அன்று இரவு விடுபட்ட மற்றவர்களையும் என் அக்கா மகன் தேடி எடுத்துக் கொடுத்தான்.

பணம் கட்டியவர்களைத்தான் அப்படித் தேட முடிந்தது. கட்டண விலக்குப் பெற்ற ஏழைப் பிள்ளைகள் யாராவது அந்த ஒரு மணி நேரத்துக்குள் விண்ணப்பம் போட்டிருந்தால், அவர்களுக்குச் சாட்சி சொல்ல எந்த ஏட்டிலும் ஒரு வரி இல்லை. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்ற சொல்லை நம்பித் தூங்கப் போயிருப்பார்கள். பட்டியலில் பெயர் இல்லாதபோது, 'நம் மார்க்கு போதவில்லை போலிருக்கிறது' என்று நினைத்து வேலைக்குப் போயிருப்பார்கள். கால் வினாடி மிச்சம் பிடித்தவருக்கு அவர்கள் முகம் தெரியாது. ஒருவரிடம் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று சொல்வது வாக்குக் கொடுப்பது. மனிதன் சொன்னாலும் யந்திரத்தைச் சொல்ல வைத்தாலும், அதை எழுதி வைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.